காற்றுக்கும் கருவிழிக்கும் நடுவே

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் முகக்கண்ணாடி ஏதுமின்றி மூழ்கிய பழைய காலத்துக் குளியாளர், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, அடக்கிய ஒரே மூச்சுக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு மேலேறியபோது, கடலடித் தரை அவர் கண்ணுக்கு உருவம் கலைந்த மங்கலாகவே தெரிந்திருக்கும். நீர் கலங்கியிருந்ததோ வெளிச்சம் குறைந்திருந்ததோ இதற்கு முதற்காரணமல்ல. எவ்வளவு தெளிந்த நீரிலும் மனிதக் கண் தன் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிடுகிறது. தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோனாலும், சங்கு குளிக்கும் தொழிலாளர் இன்றும் அதே கடலில் இறங்குகின்றனர். அவர்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி எதைச் சரிசெய்கிறதோ, அதே இடத்தில்தான் இன்றைய லேசர் கண் அறுவைச் சிகிச்சையும் கைவைக்கிறது. அந்த இடம் கருவிழியின் முன்பரப்பு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், காற்று முடிந்து கருவிழி தொடங்கும் எல்லை.

ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதை அவ்விரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலான வேறுபாடு முடிவு செய்கிறது. காற்றுக்கு அந்த எண் 1. கருவிழித் திசுவுக்கு 1.376, நீருக்கு 1.333. காற்றில் நிற்கும் மனிதனின் கருவிழி முன்பரப்பு, சுமார் 7.7 மி.மீ. வளைவு ஆரம் கொண்டது என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 49 டயாப்டர் ஆற்றலைத் தருகிறது. டயாப்டர் என்பது கண்ணாடிக் கடையில் ‘பவர்’ என்று சொல்லப்படும் அளவுதான். இணையாக வரும் ஒளியை ஒரு மீட்டர் தொலைவில் குவிக்கும் லென்ஸுக்கு ஒரு டயாப்டர். கருவிழியின் பின்பரப்பு இதில் ஆறு டயாப்டரைக் கழித்துவிடுவதால் எஞ்சுவது 43. கண்ணின் மொத்த ஆற்றல் சுமார் 60 டயாப்டர் என்பதால், உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸைவிட இந்த மெல்லிய வெளிப்படலமே அதிக வேலை செய்கிறது. தலையை நீருக்குள் விட்டதும் கணக்கு தலைகீழாகிறது. 1.333-க்கும் 1.376-க்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிது. முன்பரப்பின் ஆற்றல் ஐந்தரை டயாப்டராகச் சுருங்கி, அதையும் பின்பரப்பு கழித்துவிட, கருவிழி ஒளியியல் நோக்கில் இல்லாததற்குச் சமமாகிறது.

முகக்கண்ணாடி, கண்ணுக்கு முன்னால் ஒரு காற்றறையை வைத்து, இழந்த எல்லையை மீட்டுத் தருகிறது. அதன் தட்டைக் கண்ணாடியைக் கடக்கும்போது ஒளி மீண்டும் விலகுவதால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும் கால் பங்கு அருகில் உள்ளனவாகவும் தோன்றுகின்றன. கைநீட்டும் தொலைவைப் புதிதாகக் குளிப்பவர் தவறாகக் கணிப்பது இதனால்தான்; பழகியவரோ தவறாமல் சங்கை எடுத்துவிடுகிறார். கண்ணாடியின்றியே ஓரளவு பார்க்கப் பழகிய மனிதர்களும் உண்டு. அந்தமான் கடலில் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகள் கண்பாவையைச் சுருக்கியும் கண்ணின் லென்ஸை முழுவதும் குவித்தும் நீருக்கடியில் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்கு நுணுக்கமாகப் பார்ப்பதை ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பயிற்சி கொடுத்தால் ஐரோப்பியக் குழந்தைகளும் அதைக் கற்றுக்கொள்வதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டிற்று.

நாற்பத்தெட்டு மைக்ரான்

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்பந்து சற்றே நீண்டுவிட்டதால் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடும் நிலை. நீண்ட பந்தைக் குறுக்க முடியாது. ஆகவே முன்பரப்பின் வளைவைத் தட்டையாக்கிக் குவிக்கும் ஆற்றலைக் குறைப்பதே வழி. ‘மைனஸ் நான்கு’ பவர் உள்ள ஒருவருக்கு 7.7 மி.மீ. ஆரத்தைச் சுமார் 8.4 மி.மீ. ஆக மாற்றினால் போதும். இதற்கு எவ்வளவு திசுவை நீக்க வேண்டும் என்பதைச் சார்லஸ் மன்னர்லின் வகுத்த எளிய சூத்திரம் சொல்கிறது: சிகிச்சை வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை மூன்றால் வகுத்து, டயாப்டரால் பெருக்கினால் நடுப்பகுதியில் நீக்க வேண்டிய ஆழம் மைக்ரானில் கிடைக்கும். ஆறு மி.மீ. வட்டத்துக்கு ஒரு டயாப்டருக்குப் பன்னிரண்டு மைக்ரான்; நான்கு டயாப்டருக்கு நாற்பத்தெட்டு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் என்பதால், ஒரு தலைமுடியின் தடிப்பை எட்டாத அளவுத் திசு, நடுவில் அதிகமாகவும் விளிம்பை நோக்கிப் போகப்போகக் குறைவாகவும் எடுக்கப்படுகிறது. பார்வையை மாற்றும் சிகிச்சை முழுவதும் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கிலிருந்து கடற்கரைக்கே உரிய ஒரு விளைவும் பிறக்கிறது. கரையில் நான்கு டயாப்டரைத் திருத்தும் அந்த வளைவு மாற்றம், வெறுங்கண்ணோடு நீருக்குள் இருக்கும்போது அரை டயாப்டருக்கும் குறைவான மாற்றமாகவே எஞ்சும். லேசர் சிகிச்சை செய்துகொண்டவர் கடலுக்கடியில் வெறுங்கண்ணால் தெளிவாகப் பார்க்கப்போவதில்லை. பவர் போட்ட கண்ணாடி பொருத்திய சிறப்பு முகமூடிக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண முகமூடியை மாட்டிக்கொள்ளலாம் என்பதே அவருக்குக் கிடைக்கும் பயன்.

எக்சைமர் என்னும் லேசர் ஒவ்வொரு துடிப்பிலும் கருவிழியிலிருந்து சுமார் கால் மைக்ரான் ஆழத்தை நீக்குகிறது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த அளவு அறியாத ஒன்றல்ல. முத்துச்சிப்பியின் உள்பரப்பு, அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உருவாவது. ஒரு தகட்டின் தடிப்பு ஏறத்தாழ அரை மைக்ரான். ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கிய இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் அழித்தும் உண்டாக்கும் குறுக்கீட்டு விளைவே முத்தின் ஒளிர்வுக்கும் சிப்பியின் வானவில் நிறத்துக்கும் அடிப்படை; சி.வி. ராமன் 1930-களில் சிப்பிகளின் நிறங்களையும் பின்னாளில் முத்தின் ஒளியியலையும் ஆராய்ந்தவர். தூத்துக்குடியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கே. அழகர்சாமி 1973-இல் இந்தியாவின் கடல்முத்துச் சிப்பியில் வளர்ப்பு முத்தை விளைவித்தபோது, ஒரு கருவைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்ததும் இந்தத் தகடுகளே. கருவிழியும் இருநூறுக்கும் மேற்பட்ட கொலாஜன் அடுக்குகளால் ஆனது. ஆயினும் அது மின்னுவதில்லை, ஒளியை உள்ளே விடுகிறது. அதன் நார்கள் சுமார் முப்பது நானோமீட்டர் தடிப்பில், ஒளியலைக்குப் புலப்படாத நெருக்கத்தில், ஒழுங்கான இடைவெளியோடு நிற்பதால் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது என்று டேவிட் மாரிஸ் 1957-இல் விளக்கினார். இந்த ஒழுங்கு கலைந்தால் கருவிழி மங்கிவிடும். ஆகவே இதைச் செதுக்கப் பயன்படும் கருவி, தான் தொட்ட இடத்துக்கு அடுத்த அடுக்கைச் சூடாக்கவும் கூடாது, நசுக்கவும் கூடாது. 1981 வரை அத்தகைய கருவி எதுவும் மருத்துவர் கையில் இல்லை.

யார்க்டவுன் ஹைட்ஸ், 1981

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-இல் இளநிலைப் பட்டமும் 1950-இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, பின்னர் அமெரிக்கா சென்று தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் முனைவரான ரங்கசாமி சீனிவாசன், 1961 முதல் நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய ஒளிவேதியியலாளர். ஒளி பட்டால் மூலக்கூறுகளில் என்ன நிகழ்கிறது என்பதே அவர் துறை. கண் மருத்துவம் அல்ல. கணினிச் சில்லுத் தயாரிப்புக்காக நெகிழிப் படலங்களைப் புறஊதா லேசரால் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 193 நானோமீட்டர் அலைநீளத் துடிப்புகள் நெகிழியை உருக்காமலும் கரிக்காமலும் அப்படியே பெயர்த்தெடுப்பதை அவரும் உடன்பணியாளர்களும் கண்டனர். உயிர்த்திசுவில் என்ன ஆகும் என்ற கேள்வி அடுத்து வந்தது. அமெரிக்கர்கள் வான்கோழி விருந்துண்டு கொண்டாடும் நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், 1981 நவம்பர் 27 அன்று, விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் குருத்தெலும்பைச் சீனிவாசன் ஆய்வகத்துக்கு எடுத்துச்சென்று லேசருக்கு முன் வைத்தார். வெட்டு சுத்தமாக, விளிம்பு கருகாமல் வந்தது. உடன்பணியாளர்களான சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோர் அடங்கிய அந்தக் குழு ஒப்பீட்டுக்காக 532 நானோமீட்டர் பச்சை லேசரையும் செலுத்திப் பார்த்தது. அது திசுவைக் கரித்துச் சிதைத்தது. மனிதத் தலைமுடியின் குறுக்கே சீரான பள்ளங்கள் வெட்டப்பட்ட படம் பின்னர் உலகெங்கும் வெளியாயிற்று.

இந்த வேறுபாட்டின் காரணத்தை விளங்கிக்கொண்டால் கண் லேசர்கள் அனைத்தும் விளங்கும். 193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு துகளும் 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உடையது. புரதத்தில் கரிம அணுக்களைப் பிணைக்கும் கட்டுகளை முறிக்க இதில் ஏறத்தாழப் பாதி போதும். எனவே ஒளி திசுவைச் சூடாக்கும் சுற்றுவழியில் செல்லாமல் பிணைப்பை நேரடியாக அறுக்கிறது. அறுந்த துண்டுகள் ஆவியாகி வெப்பத்தையும் தம்மோடு எடுத்துக்கொண்டு வெளியே பாய்கின்றன. மேலும் இந்த அலைநீளத்தைப் புரதம் மிகக் கடுமையாக உறிஞ்சிக்கொள்வதால் ஒளி ஒரு மைக்ரானுக்குக் கீழே போவதே இல்லை. பச்சை ஒளிக்கு இவ்விரண்டு பண்பும் கிடையா. சீனிவாசன் இதை ‘பெயர்ப்பு ஒளிச்சிதைவு’ என்ற பொருளில் பெயரிட்டார்.

கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீஃபன் ட்ரோக்கல் சீனிவாசனோடு சேர்ந்து கருவிழியில் செய்த சோதனைகள் 1983 டிசம்பரில் வெளிவந்தன. ஐ.பி.எம். நிறுவனத்துக்கு 1988-இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு கண் மருத்துவர் மார்கரீட் மெக்டொனால்ட், பார்வைத் திறன் உள்ள ஒருவரின் கண்ணில் முதன்முதலாக மேற்பரப்புச் செதுக்கல் சிகிச்சையைச் செய்தார். கருவிழியின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு அடியில் உள்ள பரப்பை லேசரால் வடிவமைக்கும் அந்த முறை பி.ஆர்.கே. எனப்படுகிறது. கிரீட் தீவில் இயோன்னிஸ் பல்லிகாரிஸ், கொலம்பிய நாட்டின் ஹோசே பராக்கேர் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வளர்த்தெடுத்திருந்த கருவிழி சீவும் கலையை இதோடு இணைத்தார்: மேலே சுமார் நூறு மைக்ரான் தடிப்புக்கு ஒரு மடலைக் கதவுபோல் திறந்து, அடியில் லேசரைச் செலுத்தி, மடலை மூடிவிடும் லேசிக் முறை 1990-ஐ ஒட்டி உருவாயிற்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எக்சைமர் லேசருக்கு 1995-இல் ஒப்புதல் அளித்தது. சீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2013-இல் வழங்கப்பட்டது. தமிழகத்தில் லேசிக் விளம்பரங்கள் இல்லாத நகரமே இல்லை என்னும் நிலை வந்தபின்பும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்த மாணவர் பெயர் இங்கே பாடநூல்களிலும் பொதுப்பேச்சிலும் போதிய இடம் பெறவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

புறஊதாவைக் கையாளும் சிக்கல்

ஆர்கான் ஒரு மந்த வாயு, வேறெதோடும் சேராது. மின்பாய்ச்சலால் தூண்டப்பட்ட கணத்தில் மட்டும் அது ஃப்ளூரினோடு இணைந்து, உடனே பிரியும்போது 193 நானோமீட்டர் ஒளியை வெளியிடுகிறது. தூண்டிய நிலையில் மட்டுமே உயிர்வாழும் இந்த இணையே எக்சைமர். சில்லுத் தொழிற்சாலைகளில் நுண்சுற்றுகளை அச்சிடுவதும் இதே ஒளிதான். இதைக் கொண்டுசெல்வது எளிதன்று. சாதாரணக் கண்ணாடி இவ்வொளியை விழுங்கிவிடுவதால் லென்ஸுகளும் சாளரங்களும் உயர்தூய சிலிக்காவிலோ கால்சியம் ஃப்ளூரைடிலோ செய்யப்படுகின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓரளவு உறிஞ்சி ஓசோனாக மாறுவதால் எந்திரத்தின் ஒளிப்பாதையை நைட்ரஜன் போன்ற வாயுவால் நிரப்பி வைக்கின்றனர். ஃப்ளூரின் நச்சு வாயு. அதன் உருளையும் குழாய்களும் கசிவுக் கண்காணிப்பும் மருத்துவமனைக்குள் ஒரு சிறு வேதியியல் கூடத்தையே கொண்டுவந்துவிடுகின்றன. ஃப்ளூரின் தேவைப்படாத திண்மநிலை லேசர்கள், 210, 213 நானோமீட்டர்களில் இயங்குபவை, உருவாக்கப்பட்டும் எக்சைமரை இடம்பெயர்க்கவில்லை.

தொடக்க கால எந்திரங்கள் அகன்ற கற்றையை ஒரு திறப்பின் வழியே செலுத்தி, திறப்பின் அளவை மாற்றி மாற்றி வளைவை உண்டாக்கின. இன்று ஒரு மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த புள்ளி, விரைந்து அசையும் இரு ஆடிகளால் கருவிழியின் மீது அங்குமிங்கும் எறியப்படுகிறது. அடுத்தடுத்த துடிப்புகள் ஒரே இடத்தில் விழுந்தால் அவ்விடம் சூடாகும் என்பதால் வரிசை வேண்டுமென்றே கலைத்து அமைக்கப்படுகிறது. விநாடிக்கு ஐந்நூறு துடிப்புகள் தரும் எந்திரத்தில் ஒரு டயாப்டருக்கு ஓரிரு விநாடிகளே ஆகின்றன. கண்ணோ ஒரு விநாடிகூட அசையாமல் நிற்பதில்லை. அகச்சிவப்பு ஒளியில் கண்பாவையைப் படமெடுத்து, அது நகரும் திசையிலேயே அடுத்த புள்ளியை நகர்த்தும் கண்தொடர் கருவி இல்லாவிட்டால் இத்தனைத் துல்லியமும் வீண். நோயாளி படுத்தவுடன் கண் தன் அச்சில் ஓரிரு டிகிரி சுழல்வதும் உண்டு. பார்வைச் சிதறல் குறைபாடு, அதாவது ‘சிலிண்டர் பவர்’ உள்ளவருக்கு இது பொருட்படுத்தத் தக்கது. நான்கு டிகிரி பிசகினால் திருத்தத்தில் ஏறத்தாழ பதினான்கு சதவீதம் வீணாகும். கண்பாவையைச் சூழ்ந்த வண்ணப்படலத்தின் (ஐரிஸ்) கோடுகளை அடையாளமாகக் கொண்டு இச்சுழற்சியை ஈடுசெய்யும் முறை இதற்காகவே வந்தது.

கடற்கரை நகரங்களில் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். கருவிழி நீர் ஏறியிருந்தால் ஒரு துடிப்பு நீக்கும் திசு குறையும், காய்ந்திருந்தால் கூடும். அறையின் வெப்பநிலை இருபது டிகிரியை ஒட்டியும் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டுமென்று எந்திரத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வற்புறுத்துகின்றனர். கடற்காற்று ஓயாத ஊரில் இதை ஆண்டு முழுவதும் காப்பது குளிர்சாதனத்தின் வேலை மட்டுமன்று, மின்தடைக்கான மாற்று ஏற்பாட்டின் வேலையும்கூட. அன்றாடம் சிகிச்சைக்கு முன் நெகிழித் தகட்டில் லேசரைச் செலுத்தி ஆற்றலைச் சரிபார்க்கிறார்கள். சென்ட் பூசிக்கொண்டு வரக்கூடாது என்று நோயாளிக்குச் சொல்வதற்குக் காரணம், அதன் ஆவி ஒளிப்பாதையில் புகுந்து கற்றையைப் பலவீனமாக்கலாம் என்பது. சிகிச்சையின்போது முடி கருகுவதுபோல் ஒரு வாடை வருவதாகப் பலர் சொல்வதுண்டு. உண்மையில் அது எரிந்த வாடையன்று, பிணைப்பறுந்து பறக்கும் புரதத் துணுக்குகளின் வாடை.

ஒளியே கத்தியாக

லேசிக் மடலை முதலில் ஓர் அலகு கொண்ட சிறு எந்திரம் சீவியது; இன்று பெரும்பாலும் ஃபெம்டோ விநாடி லேசர் வெட்டுகிறது. ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பகுத்து, அதிலும் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் அது ஒரு ஃபெம்டோ விநாடி. இத்தகைய குறுந்துடிப்புகளைச் சிதைவின்றிப் பெருக்கும் வழியை ஜெரார்ட் மூரூவும் டோனா ஸ்ட்ரிக்லண்டும் 1985-இல் வெளியிட்டு, 2018-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூரூவின் ஆய்வகத்தில் 1993-இல் ஒரு மாணவரின் கண்ணில் தற்செயலாக லேசர் பட்டபோது, அவரைச் சோதித்த மருத்துவர் ரான் கர்ட்ஸ் விழித்திரையில் கண்ட காயம் வழக்கத்துக்கு மாறாக மிகச் சீராக இருந்தது. அந்த வியப்பிலிருந்தே இக்கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் முயற்சி தொடங்கியது. 1050 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளி கருவிழிக்குள் தடையின்றி ஊடுருவி, குறித்த ஆழத்தில் சில மைக்ரான் அகலப் புள்ளியில் குவியும்போது மட்டும் அத்திசுவைப் பிளாஸ்மாவாக்கி ஒரு நுண்குமிழியை உண்டாக்குகிறது. குமிழிகள் பல்லாயிரம் அடுத்தடுத்து வரிசையாக அமைந்தால் அதுவே வெட்டுத் தளம். ஸ்மைல் என்னும் முறையில் இந்த லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்ட, மருத்துவர் அதைச் சில மி.மீ. நீளமுள்ள திறப்பின் வழியாக இழுத்தெடுக்கிறார். இதில் மடலும் இல்லை, எக்சைமரும் இல்லை.

எந்திரத்தின் பெயரையும் தலைமுறையையும் முன்னிறுத்தி மருத்துவமனைகள் செய்யும் விளம்பரம் வாசகரைத் தவறான இடத்தில் பார்க்க வைக்கிறது. செதுக்கும் லேசர்களில் இன்று நல்லவை பல. முடிவின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது சிகிச்சைக்கு முன்பு நடக்கும் அளவெடுப்பு. 1880-இல் போர்ச்சுகலின் அந்தோனியோ பிளாசிடோ கருப்பு வெள்ளை வளையங்களைக் கண்ணில் பிரதிபலிக்கச் செய்து வளைவின் கோணலைக் கண்டறிந்த முறை இன்றும் எந்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆஸ்திரிய அதிகாரி தியடோர் ஷெய்ம்ப்ஃப்ளூக் வான்வழிப் படங்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த சாய்தள ஒளிப்பட விதி, கருவிழியின் முன்பரப்பையும் பின்பரப்பையும் ஒரே படத்தில் தெளிவாகக் கொண்டுவருகிறது. தொலைநோக்கியின் ஒளியியல் பிழைகளைச் சோதிக்க வானியலாளர் ஹார்ட்மன் கண்ட தட்டை 1971-இல் ரோலண்ட் ஷாக் மேம்படுத்த, அதை ஹைடல்பெர்க்கில் யோசப் பில்லேயின் குழு 1994-இல் கண்ணுக்குப் பயன்படுத்தியது. கண்ணிலிருந்து வெளிவரும் ஒளியலையை நூற்றுக்கணக்கான நுண்லென்ஸுகளால் துண்டுபோட்டு, சாதாரணப் பவருக்குள் அடங்காத கோணல்களையும் அது கணக்கிடுகிறது. 1991-இல் அறிமுகமான ஓ.சி.டி. என்னும் குறுக்கீட்டு வரைவி, கருவிழியின் மேல்தோலைத் தனியே பிரித்து மைக்ரான் கணக்கில் அளக்கிறது.

இவை தேடுவது முதன்மையாக ஒன்றைத்தான்: கருவிழி கூம்பும் நோய்க்கான முன்னறிகுறி. மேற்புறம் இயல்பாகத் தோன்றினாலும் பின்பரப்பு சிறிது புடைத்திருந்தால், செதுக்கியபின் எஞ்சும் திசு கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் ஆண்டுகள் கழித்து முன்தள்ளி, பார்வையைக் கெடுத்துவிடும். சராசரி கருவிழி நடுவில் 540 மைக்ரான். அதில் மடலுக்கு நூறையும் செதுக்கலையும் கழித்தபின் அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது தொடாமல் விட வேண்டுமென்பது நெடுநாள் வழக்கம், இன்று பலர் அதைவிடக் கூடுதலாகவே விடுகின்றனர். கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவரை மருத்துவர் திருப்பியனுப்பினால் அவர் நன்மையே செய்கிறார்.

உப்பளத்தின் வெண்மை

தூத்துக்குடி மாவட்டத்தின் பெரும்பகுதிக் கண்கள் லேசிக் நாடிப் போகின்றவையல்ல. வெண்மையாக விரிந்த உப்புப் பாத்திகளும் கடற்பரப்பும் வெயிலைத் திருப்பியடிக்க, உப்பளத்திலும் படகிலும் உழைப்போருக்குக் கண்ணின் வெள்ளைப்பகுதியிலிருந்து கருவிழிமீது சதை படரும் நோய் வருவதற்கு நீண்டகாலப் புறஊதா வெளிச்சம் முக்கியக் காரணமாக அறியப்பட்டுள்ளது. அந்தச் சதையை நீக்குவது கத்தி வேலையே. கண்புரைக்கும் அவ்வாறே. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் திருநெல்வேலிக்கு வந்து, இன்று தூத்துக்குடியிலும் மையம் கொண்டிருக்கிறது. அந்நிறுவனத்தைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் மதுரையிலேயே செயற்கை லென்ஸுகளைச் செய்து அவற்றின் விலையைக் குறைத்தது. இப்பகுதியில் பார்வை மீண்டவர் தொகையில் லேசிக்கின் பங்கு இவற்றுக்கு அருகில்கூட வராது.

எனினும் இவர்களையும் லேசர் வேறு அலைநீளத்தில் வந்தடைகிறது. கண்புரை சிகிச்சைக்குப் பின் சில காலத்தில் செயற்கை லென்ஸின் பின்னாலுள்ள உறை மங்கும்போது, 1064 நானோமீட்டர் யாக் லேசர் கண்ணைத் திறக்காமலேயே அவ்வுறையில் துளையிடுகிறது. கருவிழிக்கும் லென்ஸுக்கும் அந்த ஒளி கண்ணாடிபோல் வழிவிடுகிறது. 1981-இல் வான்கோழியைக் கரித்த அதே 532 நானோமீட்டர் பச்சை ஒளி, தெளிந்த பகுதிகளைக் கடந்து விழித்திரையின் நிறமிகளாலும் குருதியாலும் உறிஞ்சப்படுவதால், சர்க்கரை நோயால் கசியும் நாளங்களைச் சுட்டு அடைக்கப் பயன்படுகிறது. இங்கே கரிப்பதே சிகிச்சை. யாக் என்பது யிட்ரியம், அலுமினியம் சேர்ந்த செயற்கைக் கார்னெட் படிகம். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலைச் சிவக்கவைக்கும் இயற்கைக் கார்னெட்டும் அதே படிக அமைப்பு உடையது. தேய்ப்புத் தாளுக்கும் நீர்வெட்டுக்கும் பயன்படுவது இயற்கைப் படிகம், லேசருக்குப் பயன்படுவது செயற்கைப் படிகம்.

துறைமுக நகரத்து இளைஞரின் கணக்கு வேறு. கப்பலின் மேல்தளப் பணிக்கும் சீருடைப் பணிகளுக்கும் கண்ணாடியில்லாத பார்வைக்குக் கடுமையான அளவுகோல் உண்டு. அதனால் லேசிக் இங்கே அழகுச் செலவாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. எந்தப் பணி எந்த முறையை ஏற்கும், சிகிச்சைக்குப் பின் எவ்வளவு காலம் கழிய வேண்டும் என்பதெல்லாம் துறைக்குத் துறை மாறுவதால், அந்தந்த விதியைப் படித்தபின்பே மருத்துவரிடம் போவது நல்லது. பவர் நிலைக்கும் முன், அதாவது பதின்வயதில், செய்துகொண்டால் கண்பந்து மேலும் நீண்டு பவர் திரும்பிவிடும். நிறக்குருடுக்கு இந்தச் சிகிச்சையில் எதுவும் இல்லை. கப்பல் விளக்கின் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத விழித்திரையைக் கருவிழியில் செய்யும் எந்த மாற்றமும் எட்டாது.

லேசிக் மடல் விளிம்பில் ஒட்டிக்கொண்டாலும் பழைய உறுதியை முழுதாக மீட்பதில்லை என்பது கடல்தொழிலுக்கு முக்கியமானது. இழுபடும் கயிறோ வலையின் ஈயக்குண்டோ கண்ணில் அடித்தால் ஆண்டுகள் கழிந்தும் மடல் இடம்பெயர்ந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இத்தகைய தொழில் செய்வோருக்குப் பி.ஆர்.கே. அல்லது ஸ்மைல் பொருத்தம் என்ற கருத்து அதனால் எழுந்தது. பி.ஆர்.கே. செய்தவருக்கோ முதல் சில மாதங்கள் வெயிலின் புறஊதா பட்டால் கருவிழியில் மங்கல் படியும் அபாயம் கூடுவதால், உப்பளத்துக்கும் படகுக்கும் திரும்புகிறவர் தரமான குளிர்கண்ணாடி அணியாமல் இருக்க முடியாது. மடலுக்காக நரம்புகள் அறுபடுவதால் கண் உலர்வும் வரும், கடற்காற்று அதைக் கூட்டும். நீருக்கடியின் அழுத்தத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகை: பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினாலும் அது உடல் முழுவதும் சமமாக அழுத்துகிறது. முகமூடிக்குள் மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்தி அழுத்தத்தைச் சமப்படுத்தாமல் இறங்கினால்தான் கண் உறிஞ்சி இழுக்கப்படும். லேசிக் செய்தவர் குறைந்தது ஒரு மாதம் கடலில் இறங்கக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகவும் தொற்றுக்கு அஞ்சியுமே. நாற்பதைத் தாண்டியவருக்கு வரும் வெள்ளெழுத்து கண்ணின் உள்லென்ஸ் இறுகுவதால் வருவது. இருபத்தைந்தில் கருவிழியைச் செதுக்கிக்கொண்டவரும் அந்த வயதில் வலை பின்னவோ கைபேசி படிக்கவோ கண்ணாடி வாங்கவே செய்வார்.